அவிழ்ந்த கட்டுகள்: ஒரு கேட்டலாக் அஞ்சலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடிதத்தைவிடப் பெரியது, பார்சலைவிடத் தட்டையானது. இப்படிப்பட்ட அஞ்சலை அமெரிக்கத் தபால் துறை ‘ஃப்ளாட்’ என்கிறது. வார, மாத இதழ்கள், கேட்டலாக்குகள், மடிக்காமல் தாள் போடும் பெரிய உறைகள் எல்லாம் இந்த இனம். நீளம் 11½ அங்குலம், உயரம் 6⅛ அங்குலம், கனம் ¼ அங்குலம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தாண்டினால் அது கடிதம் அல்ல, ஃப்ளாட். மேல் வரம்பு 15-க்கு 12 அங்குலம், கனம் ¾ அங்குலம்.

இங்கே பதிவு செய்வது மிட்வெஸ்ட் மாநிலம் ஒன்றில் இருந்த நடுத்தர அச்சகத்தில் நடந்தது. நான் அங்கே அஞ்சல் தயாரிப்புப் பிரிவில் இருந்தேன். மொத்த விளம்பர அஞ்சலின் ‘ஸ்டாண்டர்ட் மெயில்’ என்ற பெயர் 2017-ல் ‘மார்க்கெட்டிங் மெயில்’ என்று மாறுவதற்கு முந்தைய கதை. வாடிக்கையாளர், வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் நிறுவனம். இலையுதிர்காலத் தள்ளுபடி தொடங்குவதற்கு முன் 96 பக்கக் கேட்டலாக் ஒன்றை வீடுவீடாக அனுப்புவது அவர்கள் வழக்கம். அளவு 8⅜-க்கு 10⅞ அங்குலம். நீளத்தைப் பார்த்தால் கடித வரம்புக்குள்தான் வருகிறது. உயரம்தான் அதை ஃப்ளாட் ஆக்கியது. சென்டர் பின் அடித்த புத்தகம். கனம் ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம்.

அந்த ஆண்டு அவர்களுடைய விளம்பரப் பிரிவு புதிதாக ஒன்றைக் கேட்டது. அட்டை முழுவதற்கும் யுவி வார்னிஷ், அதாவது புற ஊதா ஒளியில் உலரும் பளபளப்புப் பூச்சு. கண்ணாடிபோல மின்னவேண்டும் என்றார்கள். மின்னியது.

இனி நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முன்பிரிப்பு பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெருமளவில் அஞ்சல் அனுப்புகிறவர்கள் அதைக் குவியலாகக் கொண்டுபோய்த் தபால் நிலையத்தில் போடுவதில்லை. முகவரிப் பட்டியலை மென்பொருள் முதலிலேயே பிரித்துவிடும். ஒரே தபால்காரரின் பீட்டுக்கு, அதாவது அவர் சுற்றும் பகுதிக்கு, பத்துப் பிரதிகளாவது சேர்ந்தால் அது ஒரு தனிக் கட்டு. சேராதவை அதே ஐந்து இலக்க ஜிப் கோடுக்கான (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) கட்டுக்குள் போகும். அங்கேயும் சேராதவை முதல் மூன்று இலக்கங்களுக்கான கட்டுக்குள். பிரிப்பு எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு கட்டணம் குறையும். தபால் துறை செய்யவேண்டிய வேலையை நாம் செய்து கொடுக்கிறோம். அதற்கு அவர்கள் தரும் கூலிதான் அந்தத் தள்ளுபடி. கட்டுகள் 48-க்கு 40 அங்குலப் பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டு) அடுக்கப்பட்டு, மேலே ஃபிலிம் சுற்றப்பட்டு, லாரியில் தபால் துறையின் மையங்களுக்குப் போகும்.

ஒரு பீட்டுக்கான கட்டு பிரியாமல் போய்ச் சேர்ந்தால், பெரும்பாலான ஊர்களில் எந்தப் பிரிப்பு இயந்திரத்துக்கும் போகாமல் நேராகத் தபால்காரரின் மேசைக்குப் போய்விடும். வழியில் பிரிந்தால் அந்தப் பிரதிகள் உதிரி அஞ்சல். முன்பிரிப்பு அத்தனையும் வீண்.

புகார்

முதல் தவணை புறப்பட்டுச் சில நாட்களில் ஒரு பிரிப்பு மையத்தின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார். உங்கள் கட்டுகள் இங்கே வந்ததும் பிரிகின்றன என்றார். மறுநாள் நான்கு புகைப்படங்கள் வந்தன. ஒரு தள்ளுவண்டி நிறைய எங்கள் கேட்டலாக்குகள், தலைகீழாகவும் குறுக்காகவும், அறுவடை முடிந்த களத்தில் வைக்கோல் கிடப்பதுபோல.

எங்கள் முதல் எதிர்வினை பெருமைப்படத்தக்கதல்ல. விதிப்புத்தகத்தை எடுத்தோம். ஒரு கட்டு 20 பவுண்டைத் தாண்டக்கூடாது; எங்கள் கனமான கட்டே 12 பவுண்டு அளவில்தான் இருந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் கனமுள்ள கட்டுக்குக் குறைந்தது இரண்டு பட்டை போடவேண்டும், அல்லது சூட்டில் சுருங்கிக் கட்டைக் கவ்வும் ஷ்ரிங்க் உறை போடவேண்டும். பத்துப் பிரதி சேர்ந்தாலே 1¼ அங்குலம் வந்துவிடுவதால் இந்த விதி ஏறக்குறைய எங்கள் எல்லாக் கட்டுகளுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் ஷ்ரிங்க் உறை போட்டிருந்தோம். முகவரி மேல்பாதியில் இருக்கவேண்டும் என்பது 2009-லிருந்து விதி, அப்படித்தான் இருந்தது. புத்தகம் தொய்கிறதா என்ற சோதனையும் செய்திருந்தோம். மேசை விளிம்புக்கு வெளியே ஐந்து அங்குலம் நீட்டி வைத்தால் மூன்று அங்குலத்துக்கு மேல் தொங்கக்கூடாது. தொங்கவில்லை. எங்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து சரிபார்க்கும் தபால் துறை எழுத்தர் பேலட்டுகளைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

எல்லாம் விதிப்படி சரி என்று பதில் எழுத முடிவானது. எழுதியவன் நான்தான். அந்த வரைவு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

பைண்டிங் பிரிவின் ஃபோர்மேன் முப்பது ஆண்டு அனுபவசாலி. “அங்கே மூட்டையைத் தூக்கி எறிகிறார்கள், நாம் என்ன செய்வது?” என்றார். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய ஆலை மேலாளர் பேனாவை எடுக்காமல் ஒரே கேள்வி கேட்டார். நம் பேலட் ஒன்றை அவர்கள் அங்கே பிரிப்பதை இந்த அறையில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? யாரும் பார்த்ததில்லை. கடிதம் போகவில்லை. அனுமதி கேட்டு வேறொரு கடிதம் போனது.

மையத்தில் ஓர் இரவு

ஃபோர்மேனும் நானும் போனோம். கட்டு பிரிக்கும் வேலை அங்கே பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. எங்களை அழைத்துப் போனவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண் மேற்பார்வையாளர். தொலைபேசியில் பேசியவர் அவரேதான். அதிகம் பேசவில்லை. “நில்லுங்கள், பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

பேலட்டை ஒரு சாய்ப்பு இயந்திரம் கவ்வியது. மேலே சுற்றியிருந்த ஃபிலிமை ஒருவர் கத்தியால் கீறி உரித்தார். பேலட் மெல்லச் சாய்ந்தது. ஒரு கோணம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மொத்த அடுக்கும் ஒரே நேரத்தில் பெல்ட்டின்மேல் சரிந்தது. யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் இருந்த அடுக்கைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

கட்டு தட்டையாக விழுந்தால் பிழைத்துக்கொண்டது. முனை கீழாக விழுந்தவைதான் பிரிந்தன. எப்படிப் பிரிந்தன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உறை கிழியவில்லை. உறை முழுசாக இருந்தது. அதற்குள்ளிருந்து கேட்டலாக்குகள் மட்டும், புதுச் சீட்டுக்கட்டை அட்டைப்பெட்டியிலிருந்து தட்டினால் வருவதுபோல, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. வெறும் உறை சுருண்டு பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் ஷ்ரிங்க் இயந்திரம் கட்டைச் சுற்றி ஃபிலிமைக் குழாய்போல் போர்த்திச் சூட்டில் சுருக்கும் வகை. இந்த வகை உறையில் இரண்டு முனைகளிலும் வட்டமான திறப்பு ஒன்று மிஞ்சும். தொழிலில் அதைக் ‘கண்’ என்போம். கண் சிறிதாக இருந்தால் முனைகளை உறை கவ்விப் பிடிக்கும். எங்கள் கட்டுகளில் அன்று கண் என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. ஃபோர்மேன் ஒரு கட்டைக் கையில் எடுத்து, அதன் கண்ணுக்குள் மூன்று விரல்களை விட்டு, நடுவிலிருந்த ஒரு கேட்டலாக்கைச் சிரமமில்லாமல் உருவினார். பிறகு அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கட்டைப் பெல்ட்டில் வைத்தார். ஊருக்குத் திரும்பும்வரை தூக்கி எறிவது பற்றி அவர் பேசவில்லை.

நாங்கள் பார்த்த முதல் பேலட்டில் பதினேழு கட்டுகள் பிரிந்தன. இரண்டாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிரிந்தவை எங்கே போகின்றன என்றும் காட்டினார். உதிரிகளைப் பொறுக்கி, ஒரே பக்கம் முகம் திருப்பி, டப்பில் அடுக்கி, பிரிப்பு இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த மையத்தில் இருந்தது ஏ.எஃப்.எஸ்.எம். 100. மூன்று ஊட்டுமுனைகள், 120 அறைகள், நன்றாக ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 17,000 பிரதிகள். எங்கள் கேட்டலாக்குகள் அதில் நன்றாக ஓடவில்லை. பத்தில் ஒன்றிரண்டாவது கேமராவால் படிக்க முடியாமல் ஒதுங்கின. ஒதுங்கியதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முகவரிக்கு மேல் 65 கோடுகள் தனித்தனியாகத் தெரியவேண்டிய பார்கோடு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தீற்றல். ஆலையைவிட்டுக் கிளம்பும்போது அது தெளிவாக இருந்தது என்று சத்தியம் செய்வேன். நல்ல பிரதி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். மையில் பாதி விரலோடு வந்துவிட்டது.

2013 ஜனவரியிலிருந்து இயந்திரப் பிரிப்புக்கான சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் இந்த 65 கோட்டுப் பார்கோடு கட்டாயம். 31 இலக்கங்கள் வரை அதற்குள் அடங்கும். யார் அனுப்பியது, எந்தப் பிரதி, எந்த வீடு என்பதெல்லாம் அதில்தான். அது அழிந்தால் அந்தப் பிரதிக்கு நாங்கள் வாங்கிய சலுகைக்கும் பொருளில்லை.

காரணம் தேடியது

திரும்பி வந்ததும் எளிய சோதனை ஒன்றைச் செய்தோம். முந்தைய ஆண்டின் இதே வாடிக்கையாளருடைய கட்டு இரண்டு கிடங்கில் கிடந்தன. அவற்றையும் புதிய கட்டுகளையும் இடுப்பு உயரத்திலிருந்து முனை கீழாகக் கான்கிரீட் தரையில் போட்டோம். பழையவை நசுங்கின, பிரியவில்லை. புதியவை முதல் விழுகையிலேயே வழுக்கி வெளியே வந்தன. எங்கள் தொழிலாளர்களின் வேலை மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை. வேறு ஏதோ மாறியிருந்தது.

வார்னிஷ் வெளிப்படையான காரணம். சாதாரண ஆர்ட் பேப்பர் அட்டைகள் ஒன்றோடொன்று ஓரளவு உரசிப் பிடித்துக்கொள்ளும். யுவி பூச்சு பூசியவை சோப்புக் கட்டிகள்போல நழுவின. பார்கோடு அழிந்ததற்கும் அதுவே காரணம். அந்தப் பூச்சு மையை உறிஞ்சாது. இங்க்ஜெட் மை அதன்மேல் உட்கார்ந்து காய்ந்ததுபோல் தெரியும். லாரியில் அடுத்த பிரதியோடு நூறு மைல் உரசினால் போய்விடும். ஆலைக்குள் எழுத்தர் சரிபார்த்தபோது அது இன்னும் உரசவில்லை.

ஆனால் கண் ஏன் பெரிதானது? இரண்டு நாள் இயந்திரத்தின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். விடை இயந்திரத்தில் இல்லை. ஃபிலிம் உருளையின் நடுக்குழலில் ஒட்டியிருந்த லேபிளில் இருந்தது. கோடையில் கொள்முதல் பிரிவு செலவைக் குறைக்க மெல்லிய, அகலம் குறைந்த ஃபிலிமுக்கு மாறியிருந்தது. அகலம் குறைந்ததால் முனைகளைத் தாண்டி மடியவேண்டிய பகுதி போதவில்லை. மாற்றியவர் அதை மறைக்கவில்லை. மாதாந்தர அறிக்கையில் சேமிப்பு என்று எழுதியிருந்தார். நாங்கள்தான் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

மூன்றாவது காரணம் பழையதுதான். ஆண்டுதோறும் இருந்தும் யாரையும் தொந்தரவு செய்யாதது. சென்டர் பின் புத்தகத்தில் முதுகுப்பக்கம் மடிப்பாலும் பின்னாலும் எப்போதும் கொஞ்சம் தடித்திருக்கும். 24 பிரதிகளை முதுகு ஒரே பக்கமாக அடுக்கினால் கட்டு ஆப்புபோல ஒரு பக்கம் உயர்ந்துவிடும். உறை உயர்ந்த பக்கத்தைக் கவ்வும், தாழ்ந்த பக்கத்தில் தளர்ந்து கிடக்கும். நல்ல ஃபிலிமும் உரசும் அட்டையும் இருந்தவரை இந்தத் தளர்ச்சி பொறுத்துப்போனது.

இந்த மூன்றில் எது தனியாக வந்திருந்தாலும் பெரிய சேதம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். பார்கோடு விஷயத்திலும் அப்படித்தான். கட்டு பிரியாமல் இருந்திருந்தால் பீட்டுக்குப் போன பிரதிகளின் அழிந்த பார்கோட்டை எந்தக் கேமராவும் தேடியிருக்காது, தபால்காரர் முகவரியைக் கண்ணால் படித்துக்கொண்டு போயிருப்பார். கட்டு பிரிந்ததால்தான் அந்தக் குற்றமும் வெளியே வந்தது.

தேடும்போது நான்காவதாக ஒன்றும் கையில் சிக்கியது. ஒரு கட்டில் அதிகபட்சம் 24 பிரதிகள் என்று மென்பொருளில் வைத்திருந்தோம். ஒரு பீட்டுக்கு 26 பிரதி வந்தால் அது 24, 2 என்று பிரித்துக் கொடுத்தது. இரண்டே பிரதி உள்ள கட்டு ஷ்ரிங்க் சூட்டில் சுருண்டு ஓலைச்சுருள்போல வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஆண்டுக்கணக்காக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். மென்பொருள் இருக்கும் அறைக்கு அந்தச் சிரிப்பு வந்து சேரவேயில்லை.

எடுத்த முடிவுகள்

இரண்டாம் தவணைக்கு மூன்று வாரம் இருந்தது. அட்டைகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன, வார்னிஷ் மட்டும் பூசப்படவில்லை.

வார்னிஷை விட்டுவிடலாம் என்று வாடிக்கையாளரிடம் கேட்டோம். முடியாது என்றார்கள். மின்னும் அட்டைக்காகத்தான் பணம் கொடுக்கிறோம் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் பின்னட்டையில் முகவரி விழும் இடத்தில் ஒரு சதுரம் வார்னிஷ் இல்லாமல் விட ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் ஒரு வடிவமைப்பாளரோடு நீண்ட பேச்சு நடந்தது. மங்கலான ஒரு கட்டம் பின்னட்டையைக் கெடுக்கிறது என்பது அவர் கவலை. அழிந்த பார்கோடு உள்ள பிரதி ஒன்றையும், மிகவும் தாமதமாக வந்து சேர்ந்த பிரதி ஒன்றையும் மேசையில் வைத்த பிறகு பேச்சு முடிந்தது. தள்ளுபடிக் கூப்பனில் கடைசித் தேதி அச்சாகியிருந்தது.

ஃபிலிமைப் பழையபடி அகலமான, தடித்த வகைக்கு மாற்றினோம். கொள்முதல் பிரிவு எதிர்க்கவில்லை.

அதோடு ஒவ்வொரு கட்டுக்கும் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் பட்டை போடுவது என்று முடிவெடுத்தோம். இதில்தான் கருத்து வேறுபட்டது. உறை இருந்தால் பட்டை தேவையில்லை என்பது விதி. தேவையில்லாத பட்டைக்கு வரிசையின் வேகத்தைக் குறைக்கவேண்டுமா என்று உற்பத்திப் பிரிவு கேட்டது. நியாயமான கேள்வி. எங்கள் பதில், பட்டை உறைக்கு மாற்றாகப் போடப்படவில்லை என்பதுதான். நீளவாக்கில் போகும் பட்டை இரண்டு கண்களின் குறுக்கேயும் போகும். வழுக்கி வெளியே வரும் வழியையே அது அடைக்கிறது. சுற்றளவைச் சுற்றிப் போட்டால் அது கண்ணைத் தொடாது, அதனால் எங்களுக்கு அது பயன்படாது. ஆலை மேலாளர் பட்டை போட்டதையும் போடாததையும் தன் கையாலேயே தரையில் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஆப்பு வடிவத்துக்கு மருந்து மாற்றி அடுக்குவது: பாதிப் பிரதிகளை 180 பாகை திருப்பி வைப்பது. விதி நான்கு குழுக்களுக்கு மேல் போகக்கூடாது என்கிறது, முடிந்தவரை குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. நாங்கள் ஆர்வக்கோளாறில் நான்கு குழுவாக, ஆறு ஆறாகத் திருப்பி அடுக்க முடிவெடுத்தோம். கட்டு செங்கல்போல அழகாக நின்றது.

மென்பொருளில் மிச்சத்தைத் தனியாகக் கழிக்காமல் சமமாகப் பங்கிடும்படி மாற்றினோம். 26 வந்தால் இனி 13, 13. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் முயற்சியில் சறுக்கியது

சோதனை ஓட்டத்தில் புதிய ஃபிலிம் வந்து சேரும்முன் பழைய ஃபிலிமையே கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஓட்டிப் பார்த்தோம். கண் சுருங்கியது; கட்டும் வளைந்தது. பத்து, பன்னிரண்டு பிரதிக் கட்டுகள் வாழைப்பழம்போல வளைந்து வெளியே வந்தன. வளைந்த ஃப்ளாட்டை ஊட்டுமுனையால் ஒவ்வொன்றாக எடுக்க முடியாது, ஒன்றோடு இன்னொன்றும் சேர்ந்து போகும். கட்டைக் காப்பாற்றி உள்ளே இருப்பதைக் கெடுப்பதில் லாபமில்லை. சூட்டைப் பழையபடி இறக்கிவிட்டு ஃபிலிம் வரும்வரை காத்திருந்தோம்.

பட்டையின் இறுக்கமும் சிக்கல் கொடுத்தது. இறுக்கினால் மேல், கீழ் பிரதிகளின் விளிம்பை அறுத்தது. தளர்த்தினால் பட்டை நழுவியது. ஃபோர்மேன் ஒரு காலைப்பொழுது முழுக்க பட்டை இயந்திரத்தின் அருகில் நின்று, பட்டைக்கும் கட்டுக்கும் நடுவே ஒற்றை விரலை நுழைத்துப் பார்த்து, சரியான இறுக்கத்தைக் குறித்து வைத்தார். விரல் நுனி நுழையவேண்டும், முதல் மூட்டு நுழையக்கூடாது. இதை அளவுகோலாக ஏட்டில் எழுதலாமா என்று தயங்கினேன். எழுதினேன்.

விளைவு

இரண்டாம் தவணையில் அதே மையத்துக்குப் போன பேலட்டுகளை அதே இடத்தில் நின்று பார்த்தோம். முதல் பேலட் சாய்ந்தபோது இரண்டு கட்டுகள் பிரிந்தன. இரண்டிலும் பட்டை ஒட்டுமிடத்தில் விட்டுப்போயிருந்தது. அது எங்கள் இயந்திரத்தின் குறை. இரண்டாவது பேலட்டில் ஒன்றும் பிரியவில்லை. உதிரியாகிப் பிரிப்பு இயந்திரத்துக்குப் போன சிலவற்றில் பார்கோடு விரலுக்கு வரவில்லை. வார்னிஷ் இல்லாத சதுரத்தில் மை ஊறி உட்கார்ந்திருந்தது.

புகார் அப்போதும் வந்தது, வேறு இடத்திலிருந்து. மூன்று இலக்க, ஐந்து இலக்கக் கட்டுகள் எப்படியும் பிரிப்பு இயந்திரத்துக்குத்தான் போகவேண்டும். அதற்கு முன் கட்டை அவிழ்த்து, எல்லா முதுகும் ஒரே பக்கம் வர அடுக்கித் தருகிற பணியாளர்கள் இருக்கிறார்கள். எங்கள் செங்கல் கட்டுகள் அவர்கள் வேலையை நாலு மடங்கு ஆக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் ஆறு எடு, திருப்பு, ஆறு எடு, திருப்பு. அதற்கு முன் உறையைக் கீறவேண்டும், பட்டையை அறுக்கவேண்டும். ஒருவர் எங்களிடம் வந்து, கேட்டலாக் அனுப்பியது நீங்கள்தானா என்று கேட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அன்றே நான்கு குழுவை இரண்டாக்கினோம். பன்னிரண்டும் பன்னிரண்டும். கட்டு முன்புபோல் அவ்வளவு நேராக இல்லை, ஆனால் ஆப்பு மறைந்துவிட்டது. பீட்டுக் கட்டுகளை நான்காகவே வைத்திருக்கலாம் என்றும் யோசித்தோம், ஏனென்றால் அவை பெரும்பாலும் அந்தக் கைகளுக்குப் போவதில்லை. வரிசையின் ஓட்டத்தில் இரண்டு வகை அடுக்கு வைத்தால் குழப்பம் வரும் என்று விட்டுவிட்டோம். அது சரியான முடிவுதானா என்பதில் எனக்கும் ஃபோர்மேனுக்கும் இன்றும் ஒத்துப்போகவில்லை.

செலவு கூடியது. பட்டைக்கும் ஃபிலிமுக்கும் ஆன பணத்தைவிட, வரிசையின் வேகம் குறைந்ததால் கொடுத்த மிகைநேரக் கூலிதான் அதிகம். வாடிக்கையாளரிடம் அதில் ஒரு பகுதியைக் கேட்டோம், கொடுத்தார்கள். இரண்டாம் தவணைக் கேட்டலாக்குகள் தள்ளுபடி தொடங்குவதற்கு முன்பே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன என்று அவர்களே சொன்னார்கள்.

மறுபடி செய்வதாயிருந்தால்

அட்டைக்கு என்ன பூச்சு என்ற பேச்சு நடக்கும்போதே அஞ்சல் தயாரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கவேண்டும். மாதிரிப் பிரதியைப் பார்த்து எல்லோரும் அழகு என்றோம். ஒருவரும் அதை இன்னொரு பிரதிமேல் வைத்து நகர்த்திப் பார்க்கவில்லை.

ஃபிலிமின் அகலமும் தடிமனும் கொள்முதல் படிவத்தில் மாற்ற முடியாத வரிகளாக இப்போது இருக்கின்றன. மாற்றவேண்டுமென்றால் அஞ்சல் பிரிவின் கையெழுத்து வேண்டும். இதைப் புகார் வருவதற்கு முன்பே செய்திருக்கலாம்.

மாற்றி அடுக்கும் முடிவை எடுப்பதற்கு முன், கட்டை அவிழ்ப்பவர்களிடம் கேட்டிருக்கவேண்டும். முதல் இரவு அவர்களுக்குப் பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தோம். எங்கள் கண் முழுக்கச் சாய்ப்பு இயந்திரத்திலேயே இருந்தது.

தீராத ஒன்றும் இருக்கிறது. இதே வாடிக்கையாளர் சில ஊர்களுக்கு மட்டும் கேட்டலாக்கோடு ஒரு துணி மாதிரியையும் வைத்துப் பாலித்தீன் உறையில் அனுப்புகிறார். அந்த உறைகள் யுவி அட்டையைவிட வழுக்குகின்றன, துணி இருக்கும் இடத்தில் புடைத்தும் இருக்கின்றன. திருப்பி அடுக்கினாலும் கட்டு நேராக நிற்பதில்லை. இப்போதைக்குக் கட்டின் உயரத்தைப் பாதியாக்கி, இரண்டு பட்டை போட்டு அனுப்புகிறோம்.

ஷ்ரிங்க் வரிசையின் முனையில் ஒரு காப்பிக் கோப்பையின் பிளாஸ்டிக் மூடி கயிற்றில் தொங்குகிறது. ஃபோர்மேன் கட்டியது. மணிக்கு ஒருமுறை ஒரு கட்டை எடுத்து அதன் கண்ணின்மேல் அந்த மூடியை வைத்துப் பார்க்கவேண்டும். மூடி உள்ளே விழுந்தால் வரிசையை நிறுத்தவேண்டும்.